வாலட் காலியா? பாஸ்வேர்டை மாற்றும் முன் இதைப் பாருங்கள்

கிரிப்டோ வாலட் விஷயமாக எனக்கு வரும் போன்கள் பெரும்பாலும் ராத்திரியில்தான் வரும். "அண்ணே, காசு போயிடுச்சு. உடனே பாஸ்வேர்டை மாத்திட்டேன். மிச்சம் தப்பிச்சிடும்ல?"

தப்பாது. அல்லது மாற்றாமலே தப்பியிருக்கும். மெட்டாமாஸ்க், ட்ரஸ்ட் வாலட் போன்ற ஆப்களில் பாஸ்வேர்டு என்பது அந்த ஒரு போனில், அந்த ஒரு பிரவுசரில் இருக்கும் பெட்டிக்குப் போட்ட பூட்டு. காயின்கள் அந்தப் பெட்டிக்குள் இல்லை, பிளாக்செயினில் இருக்கின்றன. அவற்றை நகர்த்தும் உரிமை சீட் ஃப்ரேஸில் இருக்கிறது, அதாவது முதல் நாள் எழுதி வைக்கச் சொன்ன அந்த 12 அல்லது 24 ஆங்கிலச் சொற்களில். அது தெரிந்தவனுக்கு உங்கள் பாஸ்வேர்டும் வேண்டாம், உங்கள் போனும் வேண்டாம்.

மிச்சத்தைக் காப்பாற்ற வேண்டுமென்றால் எந்த வழியாகப் போனது என்று முதலில் தெரிய வேண்டும். சீட் ஃப்ரேஸ் வெளியே போயிருந்தால் அந்த வாலட்டையே கைகழுவ வேண்டும். எங்கோ கொடுத்த அனுமதி வழியாகப் போயிருந்தால் அதை ரத்து செய்தால் போதும். சில நேரம் திருட்டே நடந்திருக்காது. கீழே சொல்வதெல்லாம் ஈதரியம், பிஎன்பி, பாலிகான் வகைச் செயின்களுக்கு. ட்ரானைப் பற்றித் தனியாகச் சொல்கிறேன்.

"பேலன்ஸ் பூஜ்யம் காட்டுகிறது"

ஆப் காட்டுவதை நம்பாமல், உங்கள் வாலட் முகவரியை எக்ஸ்ப்ளோரரில், அதாவது செயினில் பதிவானதை எல்லோருக்கும் காட்டும் தளத்தில், போட்டுப் பாருங்கள். ஈதரியத்துக்கு ஈதர்ஸ்கேன், பிஎன்பி செயினுக்கு பிஎஸ்சிஸ்கேன், ட்ரானுக்கு ட்ரான்ஸ்கேன். முகவரி எல்லோரும் பார்க்கக்கூடியதுதான், அதை அங்கே போடுவதால் எதுவும் கசியாது. அங்கே பணம் இருந்தால் நிம்மதியாகத் தண்ணீர் குடியுங்கள். ஆப்பில் நெட்வொர்க் மாறியிருக்கும், டோக்கன் பட்டியலில் சேர்க்காமல் விட்டிருப்பீர்கள், அல்லது ஆப்பின் சர்வர் மக்கர் செய்யும். புதுப் போனில் சீட் போட்டுத் திறந்தவுடன் பூஜ்யம் என்றால், பணத்தை இரண்டாவது அக்கவுண்டில் வைத்திருந்தீர்களா என்று யோசியுங்கள். முதல் அக்கவுண்டை மட்டும் திறந்து காட்டும் ஆப்கள் உண்டு.

இந்தக் கட்டத்தில் கூகுளில் சப்போர்ட் நம்பர் தேடாதீர்கள், டெலிகிராம் குரூப்பில் புலம்பாதீர்கள். எனக்குத் தெரிந்த ஒருவருடைய காசு பிஎன்பி செயினில் பத்திரமாக இருந்தது. ஆப் ஈதரியத்தில் நின்றதால் பூஜ்யம் காட்டியது, அவ்வளவுதான். அவர் குரூப்பில் கேட்டார், ஐந்தாவது நிமிடம் "அட்மின்" தனியாக வந்து ஒரு "சிங்க்" பக்கத்தைக் கொடுத்தார், அதில் இவர் 12 சொற்களையும் தட்டினார். பேலன்ஸ் அதன் பிறகுதான் நிஜமாகப் பூஜ்யம் ஆனது.

"ஈதரும் சேர்ந்து போய்விட்டது, நான் எதையும் அழுத்தவில்லை"

அனுமதி வழியாக வரும் திருடனால் டோக்கன்களைத்தான் எடுக்க முடியும். டாலர் மதிப்பை ஒட்டிய யுஎஸ்டிடி, யுஎஸ்டிசி, அப்புறம் ஷிபா எல்லாம் டோக்கன்கள். ஒவ்வொன்றும் ஒரு கான்ட்ராக்ட், அதாவது செயினில் ஓடும் நிரல்; "இன்னார் என் சார்பில் எடுக்கலாம்" என்று அந்தக் கான்ட்ராக்டில் எழுதி வைக்க முடியும். ஈதரியத்தின் சொந்தக் காயினான ஈதருக்கு அப்படி ஓர் ஏற்பாடு கிடையாது. பிஎன்பி செயினில் பிஎன்பிக்கும் இதே கதைதான். அதை நகர்த்த, சீட்டிலிருந்து பிறக்கும் உங்கள் பிரைவேட் கீயே கையொப்பம் போட வேண்டும். ஆகவே கேஸ் கட்டணத்துக்கென்று (பரிவர்த்தனைக்குச் செயினில் கட்டுவது) வைத்திருந்த கொஞ்சம் ஈதர்கூட நீங்கள் தூங்கும்போது கிளம்பிப் போயிருந்தால், கீ இன்னொருவர் கையில் இருக்கிறது.

உறுதி செய்ய, எக்ஸ்ப்ளோரரில் அந்தப் பரிவர்த்தனையைத் திறந்து "ஃப்ரம்" என்ற இடத்தைப் பாருங்கள். உங்கள் முகவரி இருந்து, அந்த நிமிடத்தில் நீங்கள் எதையும் கன்ஃபர்ம் செய்யவில்லை என்றால் சந்தேகமே வேண்டாம். அந்த நேரத்தில் ஏதோ தளத்தில் "கிளெய்ம்" அழுத்தியது நினைவுக்கு வந்தால், அது நீங்களே அனுப்பியது. ஈதரைத் தூக்கிக் கொடுக்கும் பரிவர்த்தனைக்கு "கிளெய்ம்" என்றோ "செக்யூரிட்டி அப்டேட்" என்றோ யாரும் பெயர் வைக்கலாம்.

சரி, சீட் போய்விட்டது. வேறு ஒரு சுத்தமான சாதனத்தில் புதுச் சீட் உருவாக்குங்கள். பலர் இங்கேதான் கோட்டை விடுகிறார்கள்: பழைய ஆப்பிலேயே "புது அக்கவுண்ட்" என்று அழுத்திவிட்டு அதற்கு மாற்றுகிறார்கள். அது அதே சீட்டிலிருந்து பிரியும் இன்னொரு முகவரி, திருடனுக்கும் தெரியும். புது வாலட் தயாரானதும், மிச்சமிருப்பதில் விலை அதிகமானதை முதலில் நகர்த்துங்கள். அதே சீட்டில் பிட்காயினோ சொலானாவோ வைத்திருந்தால் அதுவும் கணக்கில் வரும்.

டோக்கன் இருக்கிறது, கேஸுக்கு ஈதர் இல்லை என்று கொஞ்சம் அனுப்பிப் பார்ப்பீர்கள். சில நொடிகளில் அதுவும் மறைந்துவிடும். அங்கே ஆள் உட்கார்ந்திருக்கவில்லை, ஸ்வீப்பர் பாட் என்னும் நிரல் காத்திருக்கிறது. 2025 மே 7 அன்று ஈதரியத்தில் பெக்ட்ரா மேம்பாடு வந்தபின் திருடர்களுக்கு வேலை இன்னும் எளிதாகிவிட்டது. ஒரு சாதாரண முகவரியை ஒரு கான்ட்ராக்டின் பொறுப்பில் விட இப்போது முடியும். கீ கையில் இருப்பவன் அப்படி விட்டுவிட்டால், வரும் ஈதர் தானாக அவனுக்குப் போகும். ஈதர்ஸ்கேனில் உங்கள் முகவரிப் பக்கத்தில் "டெலிகேட்டட் டு" என்று, நீங்கள் வைக்காத ஒன்று இருந்தால் இதுதான் நடந்திருக்கிறது. இனி ஒரு பைசாவும் அங்கே அனுப்பாதீர்கள். ஸ்டேக்கிங்கில் பூட்டிக் கிடக்கும் தொகையோ, என்எஃப்டி என்னும் டிஜிட்டல் உரிமைப் பொருளோ மாட்டியிருந்தால், கேஸ் அனுப்புவதையும் பொருளை எடுப்பதையும் ஒரே பிளாக்கில் கட்டி அனுப்பும் வழி உண்டு. ஃப்ளாஷ்பாட்ஸ் அமைப்பு கொண்டு வந்த முறை அது. நிரல் எழுதத் தெரிந்த, உங்களுக்கு நேரில் பழக்கமான ஒருவர் இருந்தால் மட்டும் முயலுங்கள்.

அப்புறம், எங்கே கசிந்தது என்று கண்டுபிடித்தாக வேண்டும். இல்லாவிட்டால் புதுச் சீட்டும் அதே ஓட்டை வழியாகப் போகும்.

நான் முதலில் கேட்பது போட்டோ கேலரியைத்தான். சீட்டை ஸ்கிரீன்ஷாட் எடுத்தவர்கள் பாதிப் பேர் அதை மறந்தே போயிருப்பார்கள். 2025 பிப்ரவரியில் காஸ்பர்ஸ்கை நிறுவனம் ஸ்பார்க்கேட் என்ற ஒன்றைப் பற்றி எழுதியது. கூகுள் பிளே ஸ்டோரிலும் ஆப்பிள் ஆப் ஸ்டோரிலும் இருந்த ஆப்களுக்குள் ஒளிந்திருந்து, கேலரியில் உள்ள படங்களில் இருக்கும் எழுத்துகளைப் படித்து, சீட் ஃப்ரேஸ் போலத் தெரிவதை வெளியே அனுப்பும் நிரல் அது. ஆப் ஒன்று போட்டோவுக்கு அனுமதி கேட்கும்போது நாம் யோசிக்காமல் "ஓகே" கொடுப்பதுதான் அதற்கு வேண்டியது.

அடுத்தது கிளவுட். 2022 ஏப்ரலில் மெட்டாமாஸ்க் தானே எச்சரித்தது: ஐபோனில் ஐகிளவுட் பேக்கப் ஓடினால், பாஸ்வேர்டால் பூட்டிய வாலட் கோப்பும் சேர்ந்து மேலே போகும். ஐகிளவுட் கணக்கை ஒருவன் பிடித்து, பாஸ்வேர்டும் எளிதாக இருந்தால் கதை முடிந்தது. பாஸ்வேர்டு மேனேஜரின் குறிப்புப் பகுதியும் இப்படித்தான். 2022இல் லாஸ்ட்பாஸ் நிறுவனத்திடமிருந்து வாடிக்கையாளர்களின் பூட்டிய பெட்டகங்கள் களவு போயின. அவற்றில் சீட் எழுதி வைத்திருந்தவர்களின் வாலட்டுகள் காலியாவதைப் பின்னர் ஆராய்ச்சியாளர்கள் வரிசையாகப் பதிவு செய்தார்கள்.

நம் தவறே இல்லாமலும் நடக்கும். 2022 ஆகஸ்டில் சொலானாவில் ஆயிரக்கணக்கான வாலட்டுகள் ஒரே ராத்திரியில் காலியாயின. ஸ்லோப் என்ற மொபைல் வாலட், பயனர்களின் சீட் ஃப்ரேஸையே தன் பிழைப்பதிவு சர்வருக்கு அனுப்பிக்கொண்டிருந்தது பிறகு தெரியவந்தது. பெரிய தொகையைப் போன் வாலட்டில் வைக்காதீர்கள் என்று நான் நச்சரிப்பது இதனால்தான்.

"12இல் 11தான் எழுதி வைத்தேன், ஒன்று மனசில் இருக்கிறது" என்று ஒருவர் பெருமையாகச் சொன்னார். அந்தச் சொற்கள் எல்லாம் வெறும் 2048 சொற்கள் கொண்ட ஒரே பட்டியலிலிருந்து வருகின்றன. விடுபட்ட ஒரு சொல்லுக்கு 2048 வாய்ப்பு, அதிலும் உள்ளே இருக்கும் சரிபார்ப்பு விதிக்குப் பொருந்துவது சுமார் 128. கண் மூடித் திறப்பதற்குள் கம்ப்யூட்டர் கண்டுபிடித்துவிடும்.

"டோக்கன் மட்டும் போனது, ஈதர் அப்படியே இருக்கிறது"

இப்போது அதே "ஃப்ரம்" இடத்தில் வேறு யாரோ ஒருவரின் முகவரி இருக்கும். பரிவர்த்தனையைத் தொடங்கியது அவர். டோக்கன் கிளம்பியது உங்கள் முகவரியிலிருந்து. நீங்கள் கொடுத்த அப்ரூவலை அவர் பயன்படுத்தியிருக்கிறார்.

ஏதாவது ஒரு தளத்தில் டோக்கனை மாற்றும்போது முதலில் "அப்ரூவ்" கேட்கும், பிறகுதான் மாற்றும். அந்த அப்ரூவலில் தொகை வரம்பே இல்லாமல் கேட்பது பல தளங்களுக்கு வழக்கம். 50 டாலர் மாற்ற வந்தவர், இன்று இருப்பதும் நாளை வரப்போவதும் சேர்த்து முழு யுஎஸ்டிடிக்கும் அனுமதி கொடுத்துவிட்டுப் போகிறார். தளம் போலியாக இருந்தாலோ, நல்ல தளமே பின்னாளில் ஹேக் ஆனாலோ, அந்த அனுமதி அப்படியே உயிரோடு இருக்கும். ஆறு மாதம் கழித்து வந்துகூட எடுப்பார்கள்.

ரிவோக் டாட் கேஷ் தளத்திலோ, ஈதர்ஸ்கேனின் டோக்கன் அப்ரூவல் பக்கத்திலோ முகவரியைப் போட்டால் பட்டியல் வரும். தளத்தின் முகவரியை நீங்களே தட்டச்சு செய்து போங்கள். தேடலில் மேலே வரும் விளம்பரத்தை அழுத்தாதீர்கள், இந்தத் தளத்துக்கே போலிகள் உண்டு. தெரியாததை எல்லாம் ரத்து செய்யுங்கள். ஒவ்வொரு ரத்துக்கும் கொஞ்சம் கேஸ் செலவாகும். ஒவ்வொரு செயினுக்கும் தனித்தனியாகப் பார்க்க வேண்டும். திருடனிடம் வரம்பில்லா அனுமதி இருந்து, அதே டோக்கன் இன்னும் மிச்சம் இருந்தால், ரத்து செய்வதைவிட அந்த மிச்சத்தை வேறு முகவரிக்கு முதலில் அனுப்பிவிடுவது என் வழக்கம்.

வாலட்டில் "டிஸ்கனெக்ட்" கொடுப்பதால் ரத்து ஆகாது. ஆப்பை அழித்தாலும் ஆகாது. அனுமதி எழுதப்பட்டிருப்பது டோக்கன் கான்ட்ராக்டில்.

"நான் கேஸே கட்டவில்லை, சும்மா சைன்தான் பண்ணினேன்" என்பவர்களுக்கு நடந்திருப்பது பெர்மிட். யுஎஸ்டிசி, டாய் போன்ற டோக்கன்களில், செயினுக்கு வெளியே போடும் ஒரு கையொப்பமே அப்ரூவலுக்குச் சமம். அதை வாங்கியவன் தன் செலவில் செயினில் சேர்த்துவிட்டு எடுத்துக்கொள்வான். அவன் பயன்படுத்தும்வரை உங்கள் கணக்கில் ஒரு தடயமும் தெரியாது. ஈதரியத்தில் உள்ள யுஎஸ்டிடிக்கு இந்த வசதி இல்லை. ஆனால் யூனிஸ்வாப் உருவாக்கிய பெர்மிட்2 கான்ட்ராக்டுக்கு முன்பே அப்ரூவல் கொடுத்திருந்தால் அதுவும் இதே வலையில் விழும். சைன் திரையில் "ஸ்பெண்டர்", "வேல்யூ", "டெட்லைன்" என்ற சொற்களைப் பார்த்தால் அது லாகின் இல்லை, காசோலை. என்எஃப்டி வைத்திருப்பவர்கள் "செட் அப்ரூவல் ஃபார் ஆல்" என்பதைக் கண்டால் நின்று யோசியுங்கள்.

கீயைத் தனிக் கருவிக்குள் வைக்கும் ஹார்ட்வேர் வாலட் இங்கே உதவாது. அது கீயைக் காக்கும், நீங்களே போடும் கையொப்பத்தைத் தடுக்காது. பெரிய ஆட்களும் இதில் விழுந்திருக்கிறார்கள். 2025 பிப்ரவரி 21 அன்று கிரிப்டோ வாங்கி விற்கும் பைபிட் எக்ஸ்சேஞ்சிலிருந்து சுமார் 150 கோடி டாலர் மதிப்புள்ள ஈதர் போனது. பலர் சேர்ந்து கையொப்பமிட வேண்டிய வாலட்தான் அது. திரை காட்டியது ஒன்று, அவர்கள் கையொப்பமிட்டது வேறொன்று. வட கொரிய ஹேக்கர்கள்தான் செய்தார்கள் என்று அமெரிக்காவின் எஃப்பிஐ அறிவித்தது.

"நான் அனுப்பினேன், ஆனால் வேறு முகவரிக்குப் போயிருக்கிறது"

இரண்டில் ஒன்று. முதலாவது, கம்ப்யூட்டரில் கிளிப்போர்டு வைரஸ்: நீங்கள் காப்பி செய்த முகவரியை, பேஸ்ட் செய்யும் கணத்தில் அது மாற்றிவிடும். சோதிப்பது எளிது. உங்கள் சொந்த முகவரியைக் காப்பி செய்து நோட்பேடில் பேஸ்ட் செய்யுங்கள். முகவரி வடிவத்தைக் கண்டால்தான் அது விழிக்கும் என்பதால் வேறு வார்த்தைகளை வைத்துச் சோதித்தால் தெரியாது. மாறினால் அந்தக் கம்ப்யூட்டரில் இனி வாலட்டையே திறக்காதீர்கள். விண்டோஸை முழுக்க அழித்துப் போடுங்கள். கிளிப்போர்டு வரை வந்தவன் அங்கே வேறு என்னென்ன எடுத்தான் என்று சொல்ல முடியாது, அதனால் அந்தக் கம்ப்யூட்டரில் இருந்த சீட்டையும் போனதாகவே கணக்கு வையுங்கள்.

இரண்டாவதுதான் எனக்கு மிகவும் எரிச்சலூட்டுவது. வரலாற்றுப் பட்டியலில், நீங்கள் வழக்கமாக அனுப்பும் முகவரியைப் போலவே முதல் நான்கு எழுத்தும் கடைசி நான்கு எழுத்தும் கொண்ட ஒன்று உட்கார்ந்திருக்கும். நீங்களே அதற்குப் பூஜ்யம் யுஎஸ்டிடி அனுப்பியதாகக்கூடக் காட்டும். ஹேக் ஆகிவிட்டதோ என்று பயப்படாதீர்கள். பூஜ்யத் தொகையை உங்கள் பெயரில் அனுப்ப டோக்கன் கான்ட்ராக்ட் யாருடைய அனுமதியையும் கேட்பதில்லை, அவ்வளவுதான் விஷயம். அடுத்த முறை நீங்கள் பட்டியலிலிருந்து அவசரமாகக் காப்பி செய்வீர்கள் என்பது அவனுடைய கணக்கு. 2024 மே மாதம் ஒருவர் இப்படி 1155 ராப்டு பிட்காயினை (பிட்காயின் மதிப்பை ஒட்டிய டோக்கன்), சுமார் 6.8 கோடி டாலரை, போலி முகவரிக்கு அனுப்பினார். பேச்சுவார்த்தைக்குப் பிறகு பணம் பெரும்பாலும் திரும்பி வந்தது. நம் 500 டாலருக்கு அப்படி யாரும் பேச வரமாட்டார்கள். வாலட்டின் முகவரிப் புத்தகத்தில் பெயர் போட்டுச் சேமியுங்கள், நடுவில் உள்ள எழுத்துகளையும் சேர்த்துப் பாருங்கள்.

"கேட்காமலே புது டோக்கன் வந்திருக்கிறது"

அப்படியே கிடக்கட்டும். வந்ததால் ஆபத்து இல்லை. அதை விற்கப் போய், அதன் பெயரில் எழுதியிருக்கும் தளத்தைத் திறந்து அப்ரூவ் கொடுத்தால்தான் ஆபத்து. மறைத்து வையுங்கள்.

"ட்ரானில் யுஎஸ்டிடி தெரிகிறது, ஆனால் அனுப்ப முடியவில்லை"

கட்டணத்துக்கு வேண்டிய ட்ரானின் சொந்தக் காயின் டிஆர்எக்ஸ் இருந்தும் அனுப்ப முடியவில்லை என்றால் ட்ரான்ஸ்கேனில் உங்கள் முகவரியின் பெர்மிஷன் பகுதியைப் பாருங்கள். ட்ரானில் ஒரு கணக்கின் உரிமையாளர் அதிகாரத்தை வேறு முகவரிக்கு மாற்றிக் கொடுக்க முடியும். அங்கே உங்களுடையது அல்லாத முகவரி இருந்தால், சீட் உங்களிடம் இருந்தும் பயனில்லை. வரவு மட்டும் வழக்கம்போல வந்துகொண்டிருக்கும். திருடர்கள் பொறுமையாகக் காத்திருப்பது அதற்குத்தான், எனவே உங்களுக்குப் பணம் அனுப்புபவர்களுக்கு உடனே புது முகவரியைச் சொல்லுங்கள்.

இதே வித்தையின் தலைகீழ் வடிவம் யூடியூப் கமெண்டுகளில் வருகிறது. "என் வாலட்டில் யுஎஸ்டிடி இருக்கிறது, எப்படி எடுப்பது?" என்று அப்பாவிபோல ஒருவர் தன் 12 சொற்களையும் போட்டிருப்பார். திறந்தால் நிஜமாகவே பணம் இருக்கும். கட்டணத்துக்கு டிஆர்எக்ஸ் மட்டும் இருக்காது. எடுக்கலாம் என்று நீங்கள் அனுப்பும் டிஆர்எக்ஸ்தான் அவருடைய வருமானம்.

"போனில் திடீரென்று சிக்னல் இல்லை"

பக்கத்தில் உள்ளவர்களுக்கு சிக்னல் இருந்து உங்களுக்கு மட்டும் போயிருந்தால், சிம் ஸ்வாப் ஆக இருக்கலாம்: உங்கள் எண் வேறு சிம்முக்கு மாற்றப்பட்டிருக்கும். சீட் ஃப்ரேஸ் வாலட்டை இது நேரடியாகத் தொடாது. எக்ஸ்சேஞ்ச் கணக்கும் ஈமெயிலும்தான் குறி. வேறு போனிலிருந்து சிம் நிறுவனத்தை அழைத்து எண்ணை முடக்குங்கள், எக்ஸ்சேஞ்சில் கணக்கை உறைய வையுங்கள். பிறகு எஸ்எம்எஸ் ஓடிபியை விட்டுவிட்டு ஆதென்டிகேட்டர் ஆப்புக்கோ பாஸ்கீக்கோ மாறுங்கள். பணம் எடுக்கும் முகவரிப் பட்டியலையும் பூட்டி வையுங்கள். 2024 ஜனவரியில் அமெரிக்கப் பங்குச்சந்தை ஆணையத்தின் எக்ஸ் கணக்கே சிம் ஸ்வாப்பில் பிடிபட்டு, பங்குச்சந்தையில் விற்கும் பிட்காயின் ஃபண்டான இடிஎஃப்க்கு ஒப்புதல் கிடைத்துவிட்டதாகப் பொய் அறிவிப்பு போட்டது.

"எடுக்கப் போனால் முதலில் வரி கட்டச் சொல்கிறார்கள்"

அது எக்ஸ்சேஞ்சே இல்லை, எக்ஸ்சேஞ்ச் போல வரைந்த தளம். திரையில் தெரியும் லாபம் வெறும் எண். இந்தியாவில் கிரிப்டோ லாபத்துக்கு 30 சதவீத வரி உண்டு, அதை நாம் வருமான வரிக் கணக்கில் கட்டுகிறோம்; 1 சதவீத டிடிஎஸ் விற்கும்போதே பிடிக்கப்படும். உங்கள் பணத்தை விடுவிக்க வெளியிலிருந்து முன்பணம் கேட்கும் வரி எதுவும் கிடையாது. இன்னொரு ரூபாய் அனுப்பாதீர்கள்.

நிஜமான எக்ஸ்சேஞ்சில் வைத்திருந்து, அது ஹேக் ஆனால் என்ன செய்வது என்று கேட்பார்கள். 2024 ஜூலை 18 அன்று வாசிர்எக்ஸிலிருந்து சுமார் 23 கோடி டாலர் போனபோது பயனர்கள் யாரும் தப்பாக எதையும் அழுத்தவில்லை. மறுநாள் அவர்கள் செய்யக்கூடியது என்று எதுவும் இருக்கவும் இல்லை. நீண்ட நாள் வைக்கப்போகும் தொகைக்கு ஹார்ட்வேர் வாலட் வாங்குங்கள், கம்பெனியிடமே நேராக வாங்குங்கள். பெட்டியைத் திறக்கும்போதே சீட் அச்சடித்து வந்திருந்தால் திருப்பி அனுப்புங்கள். 2020இல் ஹார்ட்வேர் வாலட் விற்கும் லெட்ஜர் கம்பெனி வாடிக்கையாளர்களின் வீட்டு முகவரிகள் கசிந்தன. அடுத்த வருடம் சிலருடைய வீட்டுக்கே மாற்றியமைத்த போலிச் சாதனம் தபாலில் வந்தது.

போன பிறகு யாரிடம் போவது

இந்தியாவில் என்றால் 1930க்கு போன் செய்யுங்கள், சைபர்கிரைம் டாட் ஜிஓவி டாட் இன் தளத்தில் புகாரும் பதியுங்கள். பரிவர்த்தனை ஹேஷ் (எக்ஸ்ப்ளோரரில் தெரியும் அதன் அடையாள எண்), இரண்டு பக்க முகவரிகள், நேரம், இவை மூன்றும் புகாரில் எழுத்தாக இருக்கட்டும். வெறும் ஸ்கிரீன்ஷாட் போதாது. எக்ஸ்ப்ளோரரில் பணத்தின் பின்னாலேயே போய்ப் பாருங்கள். அது ஒரு எக்ஸ்சேஞ்சின் பெயர் ஒட்டிய முகவரியில் போய்ச் சேர்ந்திருந்தால் புகார் எண்ணோடு அந்த எக்ஸ்சேஞ்சுக்கு உடனே எழுதுங்கள். யுஎஸ்டிடியையும் யுஎஸ்டிசியையும் வெளியிடும் நிறுவனங்களால் ஒரு முகவரியை உறைய வைக்க முடியும். போலீஸ் கேட்டால் செய்திருக்கிறார்கள். திருடன் அதை ஈதராக மாற்றிவிட்டால் அந்த வழி மூடிவிடும், அதனால்தான் அவசரம். "மீட்டுத் தருகிறேன்" என்று இன்பாக்ஸில் வருபவர்களில் ஒருவரைக்கூட நான் இதுவரை நல்லவராகப் பார்த்ததில்லை.

புது வாலட்டில் பெருந்தொகையைப் போடும் முன் 10 டாலர் மட்டும் அனுப்பி, ஆப்பை அழித்துவிட்டு, பேப்பரில் எழுதியதை மட்டும் பார்த்துத் திரும்பத் திறந்து பாருங்கள். போன மாதம் நண்பர் ஒருவரை இப்படிச் செய்ய வைத்தேன். ஏழாவது சொல் ஹவுஸா ஹார்ஸா என்று அவர் கையெழுத்து அவருக்கே புரியவில்லை. அந்த 2048இல் ஹவுஸ் இல்லை, ஹார்ஸ்தான் இருக்கிறது. போட்டுப் பார்த்தோம், ஹார்ஸில் திறந்தது. கொட்டை எழுத்தில் மறுபடி எழுதச் சொன்னேன்.